சுக்ராம்: ஓர் அமைச்சரின் பற்றுவரவு

1996 ஆகஸ்ட் 16 அன்று சி.பி.ஐ. அதிகாரிகள் முன்னாள் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமின் இரண்டு வீடுகளில் சோதனை போட்டார்கள். டெல்லி வீட்டில் எண்ணிய ரொக்கம் சுமார் 2 கோடியே 45 லட்சம் ரூபாய். இமாசலப் பிரதேசத்தின் மண்டி நகரத்தில் உள்ள சொந்த வீட்டில் 1 கோடியே 16 லட்சம். பெட்டிகளிலும் பைகளிலும் இருந்தது; பூஜை அறையிலும் இருந்தது. மொத்தம் 3 கோடியே 61 லட்சம். வீட்டுக்காரர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். செப்டம்பரில் ஊர் திரும்பியதும் கைதானார்.

இந்தத் தொகை அன்று எவ்வளவு பெரியது என்பதை இன்றைய காதுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கோடி, ஆயிரக்கணக்கான கோடி என்று கேட்டுப் பழகிவிட்டோம். மூன்றரைக் கோடி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1996-இல் புழக்கத்திலிருந்த மிகப் பெரிய நோட்டு 500 ரூபாய். அத்தனையும் 500 ரூபாயாகவே இருந்தாலும் 72,200 நோட்டுகள், அதாவது 722 கட்டுகள். 100 ரூபாய் நோட்டாக இருந்தால் 3,610 கட்டுகள். அன்று சுத்தத் தங்கம் 10 கிராம் ஏறக்குறைய 5,000 ரூபாய். அந்தக் கணக்கில் இது 72 கிலோ தங்கம்; நம் ஊர் வழக்கில் சொன்னால் 9,000 சவரன். நாடாளுமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் அப்போது 1,500 ரூபாய். அமைச்சருக்கும் அடிப்படைச் சம்பளம் அதேதான். படிகளைச் சேர்க்காமல், சம்பளத்தை மட்டும் ஒரு பைசா செலவழிக்காமல் சேமித்தால் 3.61 கோடி சேர 24,066 மாதம் ஆகும். ஆண்டில் சொன்னால் 2,005.

அந்தப் பணம் தன் கட்சியான காங்கிரஸின் பணம் என்று சுக்ராம் வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை.

மண்டியிலிருந்து சஞ்சார் பவன் வரை

1927 ஜூலை 27-இல் மண்டி மாவட்டத்தின் கோட்லி கிராமத்தில் பிறந்தவர். வக்கீல். 1963-இலிருந்து 1984 வரை மண்டி சட்டமன்றத் தொகுதி அவர் கையில் இருந்தது. மாநிலத்தில் கால்நடைத் துறையைக் கவனித்தபோது ஜெர்மனியிலிருந்து கறவை மாடுகளைத் தருவித்து மலைக்கிராமத்து விவசாயிகளின் வருமானத்தைக் கூட்டினார் என்பதை அவரை வெறுத்தவர்களும் மறுத்ததில்லை. 1984 இறுதியில் நடந்த தேர்தலில் மக்களவைக்குப் போனார். ராஜீவ் காந்தி அமைச்சரவையில் பாதுகாப்புத் தளவாட உற்பத்தி, திட்டம், உணவு வழங்கல் என்று இணையமைச்சர் பொறுப்புகள். 1991-இலும் 1996-இலும் மறுபடி வெற்றி. மக்களவைக்கு மொத்தம் மூன்று முறை.

1993 ஜனவரியில் பிரதமர் நரசிம்ம ராவ் அவரைத் தனிப்பொறுப்புடன் தொலைத்தொடர்புத் துறையில் அமர்த்தினார். 1996 மே வரை, 3 ஆண்டு 4 மாதம், தொலைத்தொடர்புத் துறையின் தலைமையகமான டெல்லி சஞ்சார் பவன் அவருடைய ஆட்சியில் இருந்தது. இந்த 40 மாதங்கள்தான் அவரை நாடறிய வைத்தன. சிறைக்கு அனுப்பியதும் இதே 40 மாதங்கள்தான்.

அவர் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று பார்க்க, 1994 மே மாதம் அவர் நாடாளுமன்றத்தில் வைத்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை போதும். அதில் அரசே எழுதிய எண்கள் இவை. நாட்டில் இருந்த தொலைபேசி இணைப்புகள் ஏறக்குறைய 80 லட்சம். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள் 25 லட்சம் பேர். 100 வீட்டில் தொலைபேசி ஒலித்தால், இன்னும் 31 வீட்டார் வரிசையில் நின்றார்கள் என்று பொருள். 100 பேருக்கு 0.8 தொலைபேசி. அப்போது உலகச் சராசரி 10, சீனா 1.7; பாகிஸ்தான் 2; மலேசியா 13. 5,76,490 கிராமங்களில் தொலைபேசி எட்டியிருந்தவை சுமார் 1.4 லட்சம். மிச்சம் 4.36 லட்சம் கிராமங்களில் சாவு என்றாலும் பிரசவம் என்றாலும் ஆள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

காத்திருப்போர் பட்டியல் இவ்வளவு நீளமாக இருந்த நாட்டில் வரிசையை மாற்றும் அதிகாரம்தான் பெரிய அதிகாரம். எம்.பி.க்களுக்கு முறை தாண்டி இணைப்புக்குச் சிபாரிசு செய்யும் ஒதுக்கீடு இருந்தது. அமைச்சரின் விருப்புரிமை அதற்கும் மேல். சென்னையிலும் மதுரையிலும் அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தொலைபேசி வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: பதிவுத் தேதி, வரிசை எண், யாருடைய கடிதம் என்ற மூன்றையும் சொல்வார்கள். மண்டிக்கு அந்தக் கடிதம் தேவைப்படவில்லை. அமைச்சரே அவர்கள் ஊர்க்காரர். இமாசலத்தின் மலைக்கிராமங்களுக்குத் தொலைபேசியைக் கொண்டுவந்தவர் என்ற பெயர் அவருக்குக் கடைசிவரை நின்றது. பின்னால் வாக்குப்பெட்டியில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மறக்கக் கூடாது.

கொள்கை போட்ட இலக்கும் சிறியதல்ல. 1997-க்குள் கேட்டவர்க்கெல்லாம் தொலைபேசி, 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி. கிராமக் கணக்கை மட்டும் எடுத்தால், நாளொன்றுக்கு 300-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் கம்பியோ ரேடியோவோ போய்ச் சேர்ந்தாக வேண்டும். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் பணம் 23,000 கோடி ரூபாய் என்று கொள்கையே மதிப்பிட்டது. அரசிடம் அவ்வளவு இல்லை. ஆகவே தனியாரை அழைப்பது என்று முடிவாயிற்று. முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். 1994 நவம்பரில் நான்கு பெருநகரங்களுக்கும் ஊருக்கு இரண்டு வீதம் 8 செல்போன் உரிமங்கள் போயின. சென்னைக்கு வந்தவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பைப் பேசினார். எதிர்முனையில் டெல்லி சஞ்சார் பவனில் எடுத்தவர் சுக்ராம். அன்றைய நெரிசல் நேரக் கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 பைசா. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. சம்பளமாக வந்த 1,500 ரூபாயில் ஒரு எம்.பி. மாதத்துக்கு 89 நிமிடம் பேசியிருக்கலாம்.

85,000 கோடி

அதே 1995-இல் வீட்டுத் தொலைபேசிச் சேவையைத் தனியாருக்குத் திறக்கும் டெண்டர் வந்தது. நாட்டை 20 வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். உறைகளைப் பிரித்தபோது, ஹிமாசல் ஃப்யூச்சரிஸ்டிக் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனம் வெளிநாட்டுக் கூட்டாளிகளுடன் சேர்ந்து 9 வட்டங்களில் முதலிடத்தில் நின்றது. அந்த 9 வட்டங்களுக்கும் 15 ஆண்டுகளில் அது கட்டுவதாகச் சொன்ன உரிமத் தொகை ஏறக்குறைய 85,000 கோடி ரூபாய்.

நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் சுமார் 200 கோடி. கேட்ட தொகை அதைப்போல் 425 மடங்கு. ஆண்டுக்குப் பிரித்தாலும் சராசரி 5,667 கோடி, அதாவது விற்றுமுதலைப்போல் 28 மடங்கு. 1995-96 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவே சுமார் 1,72,000 கோடி. அதில் பாதியை ஒரே நிறுவனம் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டது. அரசுக்குத் தேவைப்பட்ட 23,000 கோடியைவிட இது மூன்றரை மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் இரண்டு வழிகள் இருந்தன. உறுதியளித்ததைக் கட்டு என்று பிடித்துக்கொள்ளலாம். கட்ட முடியாவிட்டால் டெண்டர் நிபந்தனைப்படி நடவடிக்கை எடுக்கலாம். சுக்ராமின் அமைச்சகம் மூன்றாவது வழியைக் கண்டது. டெண்டர் திறந்த பிறகு, ஒரு நிறுவனத்துக்கு 3 வட்டங்களுக்கு மேல் கிடையாது என்று வரம்பு வைத்தது. ஏகபோகம் கூடாது என்பது சொன்ன காரணம். விளைவு, நிறுவனம் தனக்கு வேண்டிய 3 வட்டங்களை வைத்துக்கொண்டு 6 வட்டங்களின் சுமையிலிருந்து விடுபட்டது. அந்த 6 வட்டங்களும் மறு டெண்டருக்குப் போயின. உறையைப் பிரித்த பிறகு விதியை எழுதுவது எந்தப் பஞ்சாயத்து ஏலத்திலும் செல்லாது. நாட்டின் மிகப் பெரிய ஏலத்தில் செல்லுபடியாயிற்று.

1995 குளிர்காலக் கூட்டத்தொடரில் பாரதிய ஜனதா கட்சி நாள்கணக்கில் நாடாளுமன்றத்தை நடக்கவிடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 1996 பிப்ரவரியில் நீதிமன்றம் டெண்டர் முடிவுகளில் தலையிட மறுத்தது. கொள்கை வகுப்பது அரசின் வேலை என்றது. இந்த 85,000 கோடி விவகாரத்தில் எந்தக் குற்றவியல் நீதிமன்றமும் சுக்ராமைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதை இங்கே எழுதி வைப்பது முறை. அவர் தண்டனை பெற்றது வேறு மூன்று கணக்குகளுக்காக. மூன்றும் இதோடு ஒப்பிட்டால் தூசு.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 85,000 கோடி கஜானாவுக்கு வந்து சேரவேயில்லை. தனியார் நிறுவனங்கள் எல்லாமே நிலையான உரிமக் கட்டணத்தைக் கட்டத் திணறின. 1999-இல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, வருமானத்தில் பங்கு என்ற முறைக்கு எல்லாரையும் மாற்றிவிட்டது. காகிதத்தில் எழுதிய எண் காகிதத்திலேயே போயிற்று. மண்ணில் நின்றவை, வரிசையில் காத்திருந்த குடும்பங்களும் தொலைபேசி எட்டாத கிராமங்களும். 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் என்ற வாக்குறுதி 1997-இல் நிறைவேறவில்லை.

மூன்று தீர்ப்புகள்

முதல் கணக்கு 1 கோடியே 66 லட்சம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அட்வான்ஸ்டு ரேடியோ மாஸ்ட்ஸ் என்ற நிறுவனத்திடமிருந்து துறை ரேடியோ கருவிகள் வாங்கியது. கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்கு, ஒரு நிலையத்திலிருந்து ரேடியோ அலை வழியாகப் பல தொலைபேசிகளைக் கொடுக்கும் கருவி அது. கூடுதல் விலைக்கு வாங்கியதில் அரசுக்கு நேர்ந்த நட்டம் 1.66 கோடி என்பது குற்றச்சாட்டு. 2002 ஜூலை 5 அன்று டெல்லி சிறப்பு நீதிமன்றம் சுக்ராமுக்கும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்கும் தலா 3 ஆண்டு கடுங்காவல் விதித்தது. துறையின் நிதிப் பிரிவு உயரதிகாரி ஒருவருக்கு 2 ஆண்டு. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 4.36 லட்சம் கிராமங்கள் நினைவுக்கு வருகின்றன. யாருக்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கினார்களோ, அவர்களிடமிருந்தே எடுத்த பணம் இது.

இரண்டாவது கணக்கு வருமானத்துக்கு மீறிய சொத்து. வீடுகளில் பிடிபட்ட ரொக்கத்தையும் மற்ற சொத்துகளையும் சேர்த்து, கணக்குக் காட்ட முடியாமல் போனது 4 கோடியே 25 லட்சம் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 1991-க்கும் 1996-க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் சேர்ந்ததாக வைத்தால் மாதத்துக்கு 7 லட்சம். மாதச் சம்பளத்தைப்போல் 470 மடங்கு. 2009 பிப்ரவரியில் தீர்ப்பு: 3 ஆண்டு சிறை, 2 லட்சம் அபராதம்.

மூன்றாவது கணக்கில் கொஞ்சம் நிற்க வேண்டும். தெருவுக்கடியில் புதைக்கும் தொலைபேசி கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான செம்புக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் தனித்தனியே கூட்டி, கடத்தி-கிலோமீட்டர் என்ற அளவில் துறை கொள்முதல் செய்தது. 3.5 லட்சம் கடத்தி-கிலோமீட்டர் கேபிள் வழங்க ஹரியானா டெலிகாம் நிறுவனத்துக்கு ஆர்டர் போயிற்று. மதிப்பு சுமார் 30 கோடி ரூபாய். இதற்கு அமைச்சர் வாங்கிய லஞ்சம் 3 லட்சம் என்பது நிரூபணமானது.

30 கோடியில் 3 லட்சம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. கோடிக்குப் பத்தாயிரம் ரூபாய். கம்பிக் கணக்கில் பார்த்தால், கிலோமீட்டர் ஒன்றுக்கு விலை 857 ரூபாய். அதில் அமைச்சருக்கு 86 பைசா. பத்திரப்பதிவு அலுவலகத்திலும் கட்டட அனுமதியிலும் நம் மக்கள் கொடுத்து அழும் விகிதத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் அப்படிப் பார்ப்பது தவறு. துறை ஆண்டுதோறும் வாங்கிய கேபிளும் கருவியும் பல நூறு கோடி. அதிகாரத்தில் இருப்பவன் ஒவ்வொரு கையெழுத்திலும் பெருந்தொகை கேட்க வேண்டியதில்லை. நிறையக் கையெழுத்துப் போட்டால் போதும். நீதிமன்றத்தில் நிரூபணமானது ஒரே ஓர் ஆர்டரின் 3 லட்சம்.

2011 நவம்பர் 19 அன்று இந்த வழக்கில் 5 ஆண்டு சிறையும் 4 லட்சம் அபராதமும் விதித்தார்கள். ஆர்டர் கொடுத்தபோது அவருக்கு வயது 70-க்குள். தண்டனை கேட்டபோது 84. லஞ்சம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நிறுவனத் தலைவர் வழக்கு முடியும்முன் காலமாகிவிட்டார்.

கூட்டிப் பாருங்கள். விதித்த சிறை: 3, 3, 5, மூன்றும் சேர்ந்து 11 ஆண்டு. பின்னிரண்டு வழக்குகளின் அபராதம் 6 லட்சம். இது 3.61 கோடியில் 60-இல் ஒரு பங்கு.

காலத்தின் கணக்கு

எனக்கு இந்த விவகாரத்தில் ரூபாய்க் கணக்கைவிடக் காலக்கணக்கு அதிகக் கோபம் தருகிறது.

சோதனை நடந்த நாளிலிருந்து முதல் தீர்ப்புக்கு 5 ஆண்டு 10 மாதம். பெட்டிகளில் பணம் கையும் களவுமாகக் கிடைத்த சொத்து வழக்கில் தீர்ப்புக்கு 12 ஆண்டு 6 மாதம். கேபிள் வழக்கில் 15 ஆண்டு 3 மாதம். முதல் தீர்ப்பின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் முடிக்க எடுத்துக்கொண்டது 9 ஆண்டு 5 மாதம். 2011 டிசம்பர் 21 அன்று தண்டனையை உறுதி செய்தது. 1996-இல் பிறந்த குழந்தை அதற்குள் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும்.

2012 ஜனவரி 7 அன்று சுக்ராம் நீதிமன்றத்தில் சரணடைந்தார். உடல்நிலை சரியில்லாமல் ஆம்புலன்ஸில் வந்தார். அவரைத் திஹார் சிறைக்கு அனுப்பினார்கள். அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தது. வயோதிகருக்குப் பிணை கொடுத்தது மனிதாபிமானம். அதில் எனக்கு மறுப்பில்லை. 84 வயதுக்காரரைச் சிறையில் வைத்து வதைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 69 வயதில் பிடிபட்டவரை 84 வயதுவரை இழுத்துக்கொண்டு போனது யார் என்பதுதான் என் கேள்வி. தாமதம் முதலில் குற்றவாளிக்கு அரசியல் வாழ்வைக் கொடுத்தது. பிறகு இரக்கத்துக்கு உரிய முதுமையையும் கொடுத்தது.

அரசியல் வாழ்வு என்றேன். அதற்கும் எண்கள் உண்டு. காங்கிரஸிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு இமாசல் விகாஸ் காங்கிரஸ் என்று சொந்தக் கட்சி தொடங்கினார். 1998 சட்டமன்றத் தேர்தலில் 68 இடங்களில் காங்கிரஸுக்கு 31, பா.ஜ.க.வுக்கு 31. சுக்ராமின் கட்சிக்கு 5. மண்டியில் அவரே பெரும் வித்தியாசத்தில் வென்றார். யார் முதல்வர் என்பதைத் தீர்மானிக்கும் 5 இடங்கள் அவை. இரண்டேகால் ஆண்டுக்கு முன் அவர் பெயரைச் சொல்லி நாடாளுமன்றத்தை முடக்கிய பா.ஜ.க. அவரோடு கூட்டணி அமைத்தது. பிரேம் குமார் துமல் முதல்வரானார். அந்த அரசு 5 ஆண்டும் நின்றது. சுக்ராமின் மகன் அனில் சர்மா மாநிலங்களவைக்குப் போனார்.

2002-இல் தண்டனை வந்தது. 2003 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம். அது மண்டி, வென்றவர் சுக்ராம். 2004-இல் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார். பூஜை அறைப் பணத்துக்காக வெளியேற்றிய கட்சி திரும்ப ஏற்றுக்கொண்டது. 2017-இல் குடும்பம் பா.ஜ.க.வுக்குப் போனது, அனில் சர்மா அங்கே அமைச்சரானார். 2019-இல் சுக்ராம் பேரன் ஆஷ்ரயோடு காங்கிரஸுக்குத் திரும்பினார். பேரன் மண்டி மக்களவைத் தொகுதியில் நின்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். சோதனைக்கும் இதற்கும் இடையில் 23 ஆண்டு. அதற்குள் இரண்டு பெரிய கட்சிகளும் அவரை ஒருமுறையாவது எதிர்த்தன, ஒருமுறையாவது அணைத்துக்கொண்டன.

மண்டி மக்களைக் குறை சொல்வது எளிது. டெல்லியிலிருந்து எழுதியவர்கள் நிறையச் சொன்னார்கள். அவர்களுடன் நான் சேர மாட்டேன். ஊருக்குத் தொலைபேசி வந்ததை அவர்கள் கண்ணால் கண்டார்கள். லஞ்சம் நிரூபணமாகும் என்று 1998-இல் அவர்களிடம் யாரும் தீர்ப்பைக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டிய நீதிமன்றம் அப்போது சாட்சி விசாரணையைக்கூட முடிக்கவில்லை. வாக்காளர் கையில் தீர்ப்பு இல்லாமல் தேர்தலை நடத்திவிட்டு, வாக்காளரின் ஒழுக்கத்தைப் பேசுவது நியாயமில்லை.

2022 மே 11 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சுக்ராம் காலமானார். வயது 94. விதித்த 11 ஆண்டில் சிறைக்குள் அவர் கழித்த நாள்கள் மிகச் சொற்பம்.

சட்டத்தில் என்ன மாறியது

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன, மறைக்கக் கூடாது. 1997-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) அமைந்ததால், அமைச்சர் ஒருவரே விதி எழுதுபவராகவும் சேவை நடத்துபவராகவும் நடுவராகவும் இருக்கும் நிலை குறைந்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில், தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம் என்ற சலுகையை நீக்கியது. 2014-இல் லோக்பால் சட்டத்தோடு லஞ்சக் குற்றத்தின் குறைந்தபட்சத் தண்டனை 6 மாதத்திலிருந்து 3 ஆண்டாகவும், அதிகபட்சம் 5-இலிருந்து 7 ஆண்டாகவும் உயர்ந்தது. 2017-இல் எம்.பி., எம்.எல்.ஏ. வழக்குகளுக்கென்று 12 சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்க உத்தரவு வந்தது.

ஒரு மாற்றம் எதிர்த்திசையில் போனது. 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சுக்ராமின் தண்டனையை உறுதி செய்தபோது, ஊழல் தடுப்புச் சட்டம் 13(1)(டி) பிரிவின் ஓர் உட்பிரிவுக்கு முக்கியமான விளக்கம் கொடுத்தது. பொதுநலம் எதுவுமில்லாமல் தன் பதவியால் ஒருவருக்குப் பண ஆதாயம் தேடிக் கொடுத்த பொது ஊழியர், குற்ற எண்ணம் தனியே நிரூபணமாகாவிட்டாலும் குற்றவாளியே என்றது. பணம் கைமாறியதைக் காட்ட முடியாத பெரிய பேரங்களில் அமைச்சரைப் பிடிக்க அரசுத் தரப்பிடம் இருந்த வலுவான கருவி அது. நேர்மையான அதிகாரிகள் முடிவெடுக்கப் பயப்படுகிறார்கள் என்று காரணம் சொல்லி 2018 ஜூலை 26 முதல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். அதிகாரியின் பயத்தில் உண்மை இருந்தது. அதற்குப் பிரிவைத் திருத்தியிருக்கலாம், எடுத்தெறிந்தது அதிகம். விசாரணையைத் தொடங்குவதற்கே முன் அனுமதி வேண்டும் என்ற 17ஏ பிரிவும் அதே திருத்தத்தில் வந்தது.

அந்தத் திருத்தம் செய்த நல்ல காரியம் ஒன்று: ஊழல் வழக்கு விசாரணையை 2 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் சாதாரணமாக மொத்தம் 4 ஆண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்தது. இது கீழ் நீதிமன்றத்துக்கு மட்டும். உயர் நீதிமன்றத்து மேல்முறையீட்டுக்குச் சட்டம் எந்தக் காலக்கெடுவும் வைக்கவில்லை. சுக்ராமின் முதல் வழக்கில் அந்த மேல்முறையீடு மட்டுமே 9 ஆண்டு 5 மாதத்தை விழுங்கியது. அமைச்சர்கள்மீதான ஊழல் தீர்ப்புகளின் மேல்முறையீட்டை 2 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு நாள் போதும். உங்கள் தொகுதி எம்.பி. வாக்குக் கேட்டு வரும்போது அந்த ஒரு வரியை அவரிடம் கேளுங்கள்.